ஆசான் தருவது கால் பங்கு

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு நம் சங்கச் செயலாளர் பணித்தபோது, மட்டாஞ்சேரியில் வாழும் எமக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை என்றே முதலில் எண்ணினோம். அரண்மனை உண்டு, மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள் உண்டு, பல நாட்டார் வந்திறங்கிய துறைமுகம் உண்டு. எனினும் அவற்றைப் பற்றி எம்மினும் வல்லார் பலர் முன்னரே எழுதியுள்ளனர். எம் இல்லத்திலும், நம் சங்கத்து அன்பர் பலர் இல்லங்களிலும் நிகழ்ந்த ஒரு செய்தியோ எம் உள்ளத்தை விட்டு அகலாமல் நின்றது. ஆதலின், தொலைவிலிருந்து வரும் பாடத்தின் வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம். பத்தாம் வகுப்பளவே பயின்று இரயில்வே எழுத்தராய்ப் பணிபுரியும் எமக்குக் கல்வியைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என அன்பர்கள் வினவக்கூடும். கற்கத் தவறியவனுக்கும், கற்பிக்கத் தவறியவனுக்கும் சொல்வதற்குச் சிறிது உண்டு என்பதே எம் விடை.

2021-ஆம் ஆண்டில் ஒரு நாள், செங்கோட்டைக்கு அருகிலுள்ள எம் ஊரிலிருந்து எம் அன்னையார் எழுதிய அஞ்சலட்டை ஒன்று வந்தது. அவ்வமயம் யாம் தொடர்ந்து இரவுப் பணியில் இருந்தோம். மூன்று நாள்கள் அவ்வட்டை மேசையின் மீதே கிடந்தது. எம் இளைய மகனுக்கு அப்போது வயது பத்து. மலையாளம் நன்கு எழுதுவான்; ஆங்கிலம் படிப்பான்; இந்தியும் கூட்டிப் படிப்பான். மும்மொழி அறிந்த அப்பிள்ளைக்குத் தன் ஆச்சியின் எழுத்து மட்டும் தெரியவில்லை. நான்காம் நாள் யாம் படித்துக் காட்டினோம். "பேரப்பிள்ளை தன் கையால் எனக்கு இரண்டு வரி எழுதக் கூடாதா?" என்பதே அவ்வட்டையின் சாரம்.

எமக்கு நாணம் மேலிட்டது. அன்று மாலையே மகனைக் கணினியின் முன் அமர்த்தி, இணையத்தில் கிடைத்த தமிழ்ப் பாடங்களைத் திறந்து கொடுத்தோம். நல்ல பாடங்களே, வண்ணப் படங்களும், இனிய குரலும், அழகிய எழுத்தும் அமைந்தவை. முதல் நாள் ஒரு மணி நேரம் இருந்தான். இரண்டாம் நாள் அரை மணி. நான்காம் நாள் எழுந்து போய்விட்டான். யாம் கடிந்துகொண்டோம். அவன் அழுதான். பாடத்தின் குற்றமா, பிள்ளையின் குற்றமா, எம் குற்றமா என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்ற வழியே இக்கட்டுரை.

நன்னூலார் இட்ட கணக்கு

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நாம் இலக்கண நூல் என்று மட்டுமே அறிவோம். அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் எத்தகையராதல் வேண்டும், பாடம் சொல்லும் முறை யாது, மாணாக்கர் கேட்கும் முறை யாது என்பன யாவும் முறையாக வகுக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு கணக்கு வருகின்றது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு ஊன்றிக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு பழகி உசாவுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து நிரம்பும்.

இக்கணக்கை அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். ஏனெனில், ஆசிரியரின் சொல்லைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல மனிதன் அஞ்சலையும், வானொலியையும், செயற்கைக்கோளையும், இணையத்தையும் கண்டான். அவை யாவும் கொண்டு சென்றது பெரும்பாலும் அந்த முதற் கால் பங்கையே. எஞ்சிய முக்கால் பங்கை யார் தருவது என்று கவலையுற்றவர் வென்றனர், கவலையுறாதவர் தோற்றனர். யாம் அறிந்த வரலாறு இதுவே.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

நம் திண்ணைப் பள்ளிகளில் ஓர் ஆசிரியர். பல வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் ஒருவரே அனைவரையும் கவனித்தல் இயலாது. ஆதலின், முன்னரே கற்ற பிள்ளை பின்னர் வந்த பிள்ளைக்கு மணலில் எழுத்தை வரைந்து காட்டுவான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இச்சொல் நாம் வாழும் கேரள நாட்டிலும் 'சட்டம்பி' என வழங்கிற்று. கேரளத்துப் பெரியார் சட்டம்பி சுவாமிகள் அப்பெயரைப் பெற்றது, பள்ளியில் அவர் சட்டம்பியாய் விளங்கியமையால்தான். இன்று இங்கே அச்சொல்லுக்கு முரடன் என்னும் பொருளே மிஞ்சியிருப்பது காலத்தின் கோலம் போலும்!

1789-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் என்பவர் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறு செய்யுமாறு உதவி ஆசிரியர்களைப் பணித்தார், அவர்கள் விரும்பவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார். ஆசிரியர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். 1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இம்முறையைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பொருளுதவியால் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்பதே பெயர்.

ஆனால் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஓர் ஆசிரியரைக் கொண்டு பல நூறு பிள்ளைகளைக் குறைந்த செலவில் பயிற்றலாம் என்பதற்காகவே இங்கிலாந்தில் பலர் இம்முறையைத் தழுவினர். பிள்ளைகள் வரிசையாய் நின்று சொன்னதைச் சொல்லும் பொறிகளாயினர். நாளடைவில் அம்முறை வழக்கொழிந்தது. ஒருவர்க்கொருவர் கற்பித்தல் அறிவை வளர்க்கும். செலவைக் குறைப்பதற்காக மட்டும் அதனைக் கையாண்டால் உயிர் நீங்கி உடல் நிற்கும். இணையப் பாடம் அமைப்போர்க்கும் இஃது ஒரு பாடமன்றோ?

அஞ்சலும் வானும்

நிற்க. நாடு விடுதலை பெற்ற பின்னர், கல்லூரிக்குச் செல்ல இயலாதோர்க்குக் கல்வியை அஞ்சல் வழியே அனுப்பும் முயற்சி தொடங்கிற்று. 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் முதலடி எடுத்து வைத்தது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் அவ்வழியில் சென்றன. 1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. எம் துறையிலேயே அஞ்சல் வழிப் பட்டம் பெற்று உயர்ந்தோர் பலர். ஆயினும், சணல் கயிறு அவிழ்க்கப்படாமலே பரண் மீது கிடந்த பாடக்கட்டுகளையும் யாம் கண்டுள்ளோம். வென்றவர்களை உசாவியபோது பெரும்பாலும் ஒரே விடையே வந்தது: விடுமுறை நாள்களில் நடந்த நேர்முக வகுப்பில் நண்பர் சிலரைப் பெற்றனர், அந்நண்பரோடு கூடிப் படித்தனர்.

பின்னர் வானம் வகுப்பறையாயிற்று. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்கா உதவிய ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் வாயிலாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் சென்றன. அதே திட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பல்லாயிரவர்க்கு அறிவியல் பயிற்சியும் அளிக்கப்பட்டது. அப்பயிற்சி கருதத்தக்கது. தொலைக்காட்சியை மட்டும் நம்பி அவர்களை விட்டுவிடவில்லை. காட்சியோடு வானொலிப் பாடமும், கையால் செய்து பார்க்கும் சோதனையும், அருகிருந்து வழிகாட்டும் துணையாசிரியரும் சேர்ந்தே அப்பயிற்சி அமைந்தது. வானத்திலிருந்து வந்தது கால் பங்கு. தரையில் இருந்தோர் தந்தது முக்கால் பங்கு.

எம் மாவட்டத்தின் பெருமை

இனி, நாம் குடியிருக்கும் இம்மாவட்டத்துக்கு வருவோம். எர்ணாகுளத்தில் வாழும் தமிழர் எத்துணைப் பேர் இதனை அறிவரோ! 1990 பிப்ரவரி 4-ஆம் நாள், எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமென அந்நாளைய பிரதமர் வி. பி. சிங் அறிவித்தார். 1989-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியகமும், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் கைகோத்துத் தொடங்கிய இயக்கத்தின் பயன் அது. ஏறத்தாழ 20,000 தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர்.

இவ்வியக்கத்தில் கணினி இல்லை, காணொளி இல்லை. எனினும், கற்போரை ஈர்த்து நிறுத்தும் பாடத்தை எவ்வாறு அமைப்பது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியோம். முதலாவதாக, வீடு வீடாய்ச் சென்று யார் யார் எழுத்தறியாதவர் எனக் கணக்கெடுத்தனர். இரண்டாவதாக, தெருக்கூத்தும் பாட்டும் கொண்டு மக்களின் கூச்சத்தைப் போக்கினர். மூன்றாவதாக, கற்போர் வாழும் இடத்துக்கே வகுப்பு சென்றது. சிறு சிறு குழுவுக்கு ஒரு தொண்டர். அவரும் பெரும்பாலும் அதே தெருவினர். நான்காவதாக, முதியோர் பலர் வகுப்புக்கு வந்தும் எழுத்தை அறியத் தடுமாறியதன் காரணம் அறிவுக் குறைவன்று, பார்வைக் குறைவே என்று உணர்ந்து, கண்களைச் சோதித்து மூக்குக் கண்ணாடிகளைத் திரட்டி வழங்கினர். கற்பவன் எங்கே இடறுகின்றான் என்று நோக்கி, அங்கிருந்து கல்லை அகற்றுவதே பாடம் அமைப்போனின் முதற் கடமை என்பதை அந்தக் கண்ணாடிகள் நமக்கு உரைக்கவில்லையா?

இந்நெருப்பு தமிழகத்தையும் பற்றிற்று. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல்லுடைக்கும் மகளிரும் வயலில் உழைக்கும் மகளிரும் மிதிவண்டி ஏறித் தம் காலில் தாம் நிற்கக் கற்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். மிதிவண்டியோடு வந்த எழுத்தோ வாழ்வுக்கு உதவிற்று.

இணையம் வந்த பின்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில், உலகெங்கும் சிதறி வாழும் தமிழர்க்காக இணையத்தின் வழியே ஒரு பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என அந்நாளைய முதல்வர் மு. கருணாநிதி அறிவித்தார். 2001 பிப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதனை முன்னின்று வளர்த்தவர் முனைவர் வா. செ. குழந்தைசாமி. அண்ணா பல்கலைக்கழகத்திலும், பின்னர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராய் இருந்து, தொலைநிலைக் கல்வியின் நிறைகுறைகளை நேரில் அறிந்தவர் அவர். மழலையர் பாடம் முதல் சான்றிதழ், பட்டம் ஈறாகப் பாடங்களும், பெரியதொரு மின்னூலகமும் அங்கே அமைந்தன. இன்று அந்நிறுவனம் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரால் தொண்டாற்றுகின்றது. நம் போன்று மாநிலம் கடந்து வாழ்வோர்க்கு அஃது ஒரு பெரும் பேறு.

பத்தாண்டு கழிந்து, 2011-இல், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவு பற்றிய வகுப்பொன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்தனர். 1,60,000 பேர் வந்து பெயர் பதிந்தனர். உலகமே வியந்தது. ஆனால் கடைசி வரை நின்று முடித்தவர் ஏறத்தாழ 23,000 பேரே. அவ்வெண்ணும் பெரிதே, எனினும் ஏழில் ஆறு பேர் வழியிலே இறங்கிவிட்டனர் என்பதும் உண்மையே. வண்டி நிறையப் பயணச்சீட்டு விற்றும், போய்ச் சேர்ந்தவர் சிலரே என்றால் எம் போன்ற இரயில்வே ஊழியர் கவலை கொள்ளாதிருப்பரோ?

அதன் பின்னர் அறிஞர் பலர் காரணம் ஆராய்ந்தனர். 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வி நிறுவனத்தின் காணொளிகளை மாணவர் பார்த்த முறையைக் கணக்கிட்டு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காட்சிகளையே பெரும்பாலோர் ஈடுபாட்டோடு பார்க்கின்றனர் எனக் கண்டது. அதற்கு முன்னரே, 2006-இல், ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் இரு உளநூல் அறிஞர் வேறொன்றைக் காட்டியிருந்தனர். ஒரு சாரார் பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தையோரே மேலாயிருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ பிந்தையோரே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். எடுத்துரைப்பவனுக்கே அறிவு நிலைக்கும் என்று நன்னூலார் சொன்னதற்கு இது தொலைதூரச் சான்று என்று யாம் கருதுகின்றோம்.

நம் நாட்டிலும் நல்ல வழி காணப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பிற உயர் நிறுவனங்களும் 2003 முதல் பொறியியல் பாடங்களைக் காணொளியாக வெளியிட்டு வந்தன. 2014 முதல் அவற்றோடு வாரந்தோறும் ஒப்படைப்பும், ஐயம் வினவும் இடமும், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வும் சேர்ந்தன. கல்லூரிகளில் அப்பாடம் பயில்வோர்க்குத் துணைநிற்க ஆங்காங்கே ஆசிரியர்களும் அமர்த்தப்பட்டனர். 2017-இல் நடுவணரசு 'ஸ்வயம்' என்னும் பொதுத் தளத்தைத் திறந்தது. காட்சியை மட்டும் வைத்த காலத்தில் அது நூலகம். வினாவும் தவணையும் துணைவரும் வந்த பின்னரே அது பள்ளி.

பெருந்தொற்றும் ஒரு சுமையாளரும்

2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளை அடைத்தது. கேரள அரசு அவ்வாண்டு ஜூன் 1-ஆம் நாளே 'முதல் மணி' என்னும் பொருள்படும் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே தொடங்கிற்று. அத்தொலைக்காட்சி, 2004-இல் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளைத் துணையாகக் கொண்டு, 2005-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் தனியே பாடங்கள் ஒளியேறின. ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர் இல்லங்களில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை எனக் கண்டபோது, நூலகங்களிலும் ஊர் மன்றங்களிலும் கூடிப் படிக்கும் மையங்கள் திறக்கப்பட்டன. மீண்டும் திண்ணைக்கே வந்தோம்!

எம் துறையைச் சார்ந்த செய்தி ஒன்றையும் கூறாமலிருக்க இயலவில்லை. 2018-இல், எம் எர்ணாகுளம் சந்திப்பில் சுமை தூக்கும் தொழிலாளர் ஒருவர் கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் வென்றார் எனச் செய்தித்தாள்கள் எழுதின. நிலையத்திலுள்ள இலவச இணைய வசதியால் பாடங்களைக் கைப்பேசியில் இறக்கி, தலையில் சுமையும் காதில் பாடமுமாய் நடந்தார். நடந்துகொண்டே வினாக்களுக்கு மனத்துள் விடை கண்டார். இரவில் மீண்டும் படித்தார். பலர் இச்செய்தியில் இணையத்தின் பெருமையையே கண்டனர். யாமோ வேறொன்று கண்டோம். கேட்டதோடு நில்லாமல் தன்னையே வினவிக்கொண்டாரன்றோ, அதுவே அவரைக் கரை சேர்த்தது.

எம் துறையில் பயிற்சியின் அருமை எமக்குத் தெரியும். திருச்சிராப்பள்ளியிலுள்ள தென்னக இரயில்வேயின் பயிற்சி நிலையத்தில், நிலைய அதிபராகப் போகின்றவர்களை விதிநூலைப் படிக்கச் செய்வதோடு விட்டுவிடுவதில்லை. மாதிரி அறையில் சிறு தண்டவாளமும், சிறு கைகாட்டியும், நிலையத்துக்கு நிலையம் செய்தி பரிமாறும் கருவியும் உண்டு. ஒருவர் இந்நிலையத்து அதிபர், மற்றொருவர் அடுத்த நிலையத்து அதிபர் என நின்று, வண்டியை வாங்கவும் விடவும் பழகுவர். தவறு அங்கே நேரலாம். மெய்யான தண்டவாளத்தில் நேரக் கூடாது. அதற்கு மாறாக, அண்மையில் யாம் வீட்டிலிருந்தே கணினியில் முடித்த பயிற்சி ஒன்றுண்டு. 'அடுத்து', 'அடுத்து' என்று பொத்தானை அழுத்திக்கொண்டே போனோம். சான்றிதழும் வந்துவிட்டது. மறுநாள் நண்பர் ஒருவர் அதிலிருந்து ஒரு வினா வினவ, விழித்தோம். குற்றம் எம்முடையதே, ஆனால் நடுவே ஒருவர் நிறுத்தி, "இதைச் சொல் பார்ப்போம்" என்று கேட்டிருப்பின் அக்குற்றம் நேர்ந்திராது.

ஆச்சிக்கு எழுதிய விடை

இவ்வளவும் அறிந்த பின்னர் நம் சங்கத்தில் என்ன செய்தோம் என்பதைக் கூறி முடிக்கின்றோம். 2021-இல் நம் அன்பர் பிள்ளைகள் 17 பேரைச் சேர்த்து, கைப்பேசி வழியே சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு தொடங்கினோம் அன்றோ? ஒரு மணி நேரம் யாமே பேசினோம். ஆறாம் வாரம் எஞ்சியோர் நால்வர். அந்நால்வருள் எம் மகன் இல்லை.

மறு ஆண்டு, நோய் தணிந்த பின், முறையை மாற்றினோம். பிள்ளைகளைச் சங்கக் கூடத்துக்கே வரவழைத்தோம். இணையப் பாடம் ஐந்து நிமிடம் மட்டும். பின்னர் பிள்ளைகள் மூவர் மூவராய்ப் பிரிந்து, பார்த்ததை ஏட்டை மூடி எழுதுவர். வாரம் ஒரு பிள்ளை அடுத்த பிள்ளைக்குக் கற்பித்தல் வேண்டும். வீட்டுக்குச் சென்றதும் அன்றைய சொற்களைத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கைப்பேசியில் படித்துக் காட்டுதல் வேண்டும்.

ஒரு நாள் எம் மகன் வினவினான்: "அப்பா, மலையாளத்தில் நான்கு க உண்டே, தமிழில் ஒன்றுதானே இருக்கிறது? எந்தக் க என்று எப்படித் தெரியும்?" யாம் திகைத்தோம். பிறந்தது முதல் தமிழ் பேசும் எமக்கு அப்படியொரு வினா எழுந்ததே இல்லை. அவன் கணினியை விட்டு எழுந்து போனதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. பல மாதங்களாக அவன் காலில் தைத்திருந்த முள் அதுவே. திரையில் தோன்றிய பாடத்திடம் அவனால் வினவ இயலவில்லை. எம்மிடம் வினவவோ யாம் இடங்கொடுக்கவில்லை.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, கரும்பலகையில் 'பக்கம்', 'பங்கு', 'பகல்' என மூன்று சொற்களை எழுதினாள். "பக்கத்தில் இன்னொரு க் இருந்தால் அழுத்திச் சொல்ல வேண்டும், முன்னால் ங் வந்தால் அதிர்த்துச் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் உயிரோசை இருந்தால் மெல்லச் சொல்ல வேண்டும். இடத்தைப் பார்த்தால் போதும்" என்றாள். மூன்று சொற்களில் முள் நீங்கிற்று. அவளும் முந்தைய ஆண்டு அதே ஐயத்தால் தவித்தவள்! தவித்துக் கரையேறியவளுக்கன்றோ தவிப்பவனின் வலி தெரியும்? எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் செய்ததை மட்டாஞ்சேரியில் பதினோரு வயதுச் சிறுமி செய்து காட்டினாள்.

அவ்வாண்டு பொங்கலுக்கு முன் எம் மகன் ஆச்சிக்கு அஞ்சலட்டை எழுதினான். இரண்டு வரி கேட்ட ஆச்சிக்கு ஒன்பது வரி எழுதினான். ளகரமும் லகரமும் இடம் மாறியிருந்தன, யாம் திருத்தவில்லை. அவ்வட்டையை எம் அன்னையார் பூசை அலமாரியில் வைத்திருக்கின்றார். ஊருக்குச் செல்லும்போதெல்லாம் பேரனை அழைத்து அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்கின்றார்.

அன்பர்களே! நல்ல பாடங்கள் இன்று இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அமைத்த அறிஞர்க்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அவர்கள் தருவது கால் பங்கு. அதனைக் கண்டு நிறைவடைந்து, பிள்ளையைத் திரையின் முன் அமர்த்திவிட்டு நாம் அகல்வோமாயின், எஞ்சிய முக்கால் பங்கும் பரண் மீது கட்டவிழாமலே கிடக்கும். கூடிப் பயிலத் தோழரையும், எடுத்துரைக்க ஓர் இடத்தையும், கேட்டு மகிழ ஒரு முதியவரையும் தருவது நம் சங்கத்தால் ஆகும். வருகின்ற ஆண்டில் சனிக்கிழமை வகுப்புக்கு ஒவ்வோர் இல்லத்தினின்றும் ஒரு பிள்ளையை அனுப்புமாறும், இயலுமாயின் ஒரு பெரியவரும் உடன் வந்து அமருமாறும் பணிவன்புடன் வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!